வெறும் பிரேமிலிருந்து ஒரு கியர் சைக்கிள்: கொழும்பில் முதன்முறை கட்டுவோருக்கான வழிகாட்டி

கியர் சைக்கிள் ஒன்றைத் தனித்தனிப் பாகங்களாகத் தேடி வாங்கிக் கட்டியவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே குறைதான் காதில் விழும்: வண்டி ஓடுகிறது, ஆனால் கியர் ஒழுங்காக விழவில்லை. செயின் ஒரு பற்சக்கரத்தில் ஏற மறுக்கும், அல்லது ஏறிய பிறகும் கடகடத்துக்கொண்டே அடுத்ததற்குத் தாவப் பார்க்கும். இந்த நிலைக்கு வந்தவர், செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவியான டிரெய்லியரின் திருகாணிகளை மாலை முழுவதும் திருகிக்கொண்டிருப்பார். கோளாறோ திருகாணியில் இருக்காது. ஒன்றுக்கொன்று சேராத பாகங்களைக் காசு கொடுத்து வாங்கிய அன்றே அது வண்டிக்குள் வந்துவிட்டிருக்கும். ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அளப்பதையும் வாங்குவதையும் பற்றியது. ஸ்பனர் பிடிக்கும் வேலை அதற்குப் பிறகே வருகிறது. அது பலரும் நினைப்பதுபோல் அவ்வளவு கடினமானதும் அல்ல.

பிரேமையே குழாய் வெட்டி ஒட்டிச் செய்வதை இங்கே சேர்க்கவில்லை. அது தனியொரு தொழில். உருக்குக் குழாயை ஒட்டக்கூடியவர்கள் நகரில் இருக்கிறார்கள் என்றாலும், கேற்றும் கிறிலும் ஒட்டும் கைக்கும் மெல்லிய சைக்கிள் குழாயை எரித்துவிடாமல் ஒட்டும் கைக்கும் வேறுபாடு உண்டு. 6061 வகை அலுமினியமோ ஒட்டியபின் முறைப்படி சூடேற்றிப் பதப்படுத்தப்படாவிட்டால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வலுவிழந்து நிற்கும். முதல் வண்டியை நல்ல நிலையிலுள்ள வெறும் பிரேம் ஒன்றிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பிரேமைத் தெரிவு செய்தல்

கொழும்பில் எளிதாகக் கைக்கு வருபவை மூன்று வகை. லுமாலா, பழைய ரலி போன்ற பெரிய சைக்கிள்களின் உருக்குப் பிரேம்கள். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகும் நகரச் சைக்கிள்கள். மவுண்டன் பைக் என்று விற்கப்படுபவற்றின் பிரேம்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாங்கப்பட்டு, இப்போது வீட்டின் பின்புறத்தில் சாய்ந்து நிற்கும் வண்டி உறவினர் எவரிடமாவது இருந்தால், கடைக்குப் போகுமுன் அதைக் கேட்டுப் பாருங்கள். அதன் பிரேமை மட்டுமல்ல, பாதிப் பாகங்களையும் பயன்படுத்தலாம்.

கியர் பொருத்தும் நோக்கமிருந்தால், என் தெரிவு மூன்றாம் வகைதான். அதன் பின்பக்கக் கால்கள் இரண்டுக்கும் இடையிலான அகலம் பெரும்பாலும் 135 மில்லிமீற்றர். டிரெய்லியரைத் தொங்கவிடும் காதும் பிரேமிலேயே இருக்கும். றேசிங் வகைப் பிரேமானால் அந்த அகலம் 130. பெரிய சைக்கிளின் பின்கால்கள் ஒற்றைப் பற்சக்கரத்துக்கென அமைந்தவை. அங்கே இடைவெளி ஏறத்தாழ 110தான் வரும். உருக்குப் பிரேமை 126இலிருந்து 130க்கு விரிப்பது பழக்கப்பட்ட ஒருவர் செய்யக்கூடியது. 110ஐ 135 ஆக்க முயல்வது பிரேமைக் கொல்வதற்குச் சமம். அலுமினியப் பிரேமை ஒரு மில்லிமீற்றர்கூட விரிக்கக்கூடாது. அது வளையாது, வெடிக்கும்.

தாத்தாவின் ரலியைத்தான் புதுப்பிக்க வேண்டும் என்று மனம் பற்றியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெடல் அச்சு செல்லும் கீழ்க்கூட்டின் புரி, இன்றைய பொது அளவில் அங்குலத்துக்கு 24; ரலி நிறுவனம் தன் பழைய வண்டிகளில் 26 புரி வைத்தது. ஆகவே கடையில் கிடைக்கும் புதிய அச்சுத்தொகுதி அதற்குள் இரண்டு சுற்றுப் போய் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் புரி அழிந்துவிடும். அத்தகைய பிரேமில் பழைய கப், அச்சு, கொட்டர் பின் (பெடல் கையை அச்சில் இறுக்கும் ஆணி) ஆகியவற்றையே சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, கியரைப் பின்சக்கரத்தின் நடுக்கூடான ஹப்புக்குள் வைப்பது நல்லது. ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று வேக ஹப் அதற்கென்றே பிறந்தது: நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் அதில் 75 வீதம், மேல் கியர் 133 வீதம். ஜப்பான் சைக்கிள்கள் பலவற்றில் ஷிமானோவின் மூன்று வேக உள்ஹப் இருக்கும். மழையும் உப்புக்காற்றும் பல்லுக்குள் புகாத இந்த ஏற்பாடு கொழும்புக்கு மிகவும் ஏற்றது என்பது என் எண்ணம். எனினும் கியர் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது டிரெய்லியரே என்பதால், இனி அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எந்தப் பிரேமானாலும் வாங்குமுன் நூல் பிடித்துப் பாருங்கள். ஹாண்டில் குழாயில் நூலைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் பின்கால்களின் அச்சுப் பிளவுகளில் இறுக்கமாகக் கட்டினால், நூல் சீற் குழாயின் இருபுறமும் கடந்து செல்லும். குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளக்கவும். ஒரு பக்கம் 32, மறுபக்கம் 36 மில்லிமீற்றர் என்று வந்தால், வண்டியின் பின்பகுதி கோணியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கைப் பொறுக்க முடியாது. பெயின்ற் புதிதாக மின்னும் பிரேமில் இச்சோதனை இன்னும் அவசியம், ஏனெனில் விபத்தில் நெளிந்ததை மறைக்கவும் பெயின்ற் அடிப்பார்கள்.

அளவுகள்

வேணியர் இடுக்கிமானி ஒன்றை முதலில் வாங்குங்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அது பழைய சிநேகிதம்; ஏனையோர் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பிரேமில் எடுக்க வேண்டிய அளவுகள் இவை: பின்கால்களின் உள்அகலம், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் உள்அகலம் (பெரும்பாலும் 100), கீழ்க்கூட்டின் அகலம் (68 அல்லது 73), சீற் குழாயின் உள்விட்டம், ஹாண்டில் குழாயின் உள்விட்டம். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் புறக்கோட்டை டாம் வீதிப் பக்கம் காலடி வைக்க வேண்டும். அங்குள்ள சைக்கிள் கடைகளில் பிரேமையும் கையோடு கொண்டு போவது இன்னும் நல்லது. விற்பவர் கண்ணால் பார்த்து, "இதுக்கு இது சரிவராது தம்பி" என்று சொல்லும் ஒரு சொல் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

டயர் அளவில் அங்குலத்தை நம்பாதீர்கள். 26 அங்குலம் என்று எழுதப்பட்ட இரண்டு டயர்கள் ஒரே றிம்மில் ஏறாமல் போகலாம். மவுண்டன் பைக்கின் 26 அங்குல றிம், டயர் அமரும் இடத்தில் 559 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. ஜப்பான் நகரச் சைக்கிளின் 26×1⅜ டயரோ 590 மில்லிமீற்றர். டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 47-559, 37-590 என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். அதில் இரண்டாவது எண்ணே முக்கியம், அது றிம்முக்கும் டயருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 700சி என்று சொல்லப்படும் சக்கரத்துக்கு அந்த எண் 622.

எத்தனை கியர், எத்தனை பல்

முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆகமொத்தம் இருபத்தொரு கியர் என்று விளம்பரம் செய்வார்கள். அவற்றில் பாதி ஒன்றையொன்று திரும்பச் செய்பவை. கொழும்பு சமதரை, மேம்பாலம்தான் பெரிய ஏற்றம். முன்னால் ஒரே பற்சக்கரம், பின்னால் எட்டு என்ற அமைப்பே தாராளமாகப் போதும். முன்டிரெய்லியர், அதன் கேபிள், அதன் ஷிப்டர் (ஹாண்டிலிலுள்ள கியர் மாற்றி) எல்லாம் இல்லாமல் போவதால் கட்டுவதும் எளிது, பழுதும் குறைவு.

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் வரும். 32 மில்லிமீற்றர் அகல டயருள்ள 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீற்றர். முன்னால் 42, பின்னால் 16 என்றால் 5.64 மீற்றர், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 27 கிலோமீற்றர். அதே 42ஐ, 11 முதல் 32 வரை பல்லுள்ள பின்கசற்றுடன் (பின்பற்சக்கரத் தொகுதியுடன்) சேர்த்தால், மிக இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு 2.8 மீற்றரும் மிகக் கடினமானதில் 8.2 மீற்றரும் வரும். காலி வீதியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மீண்டும் புறப்படவும், காற்று முதுகில் இருக்கும்போது விரையவும் இது பொருந்தும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறிக் கண்டிக்குப் போகும் ஆசை உள்ளவர்கள் முன்னால் 42க்குப் பதில் 36 வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது வாங்கும் விதி. ஷிப்டர், கசற், செயின் ஆகிய மூன்றும் ஒரே வேக எண்ணிக்கைக்கு உரியவையாக இருக்க வேண்டும்: எட்டு என்றால் மூன்றுமே எட்டு. காரணம் எளியது. ஷிப்டரின் ஒரு சொடுக்கு, குறிப்பிட்ட அளவு கேபிளை இழுக்கிறது. அந்த இழுப்பு டிரெய்லியரை ஒரு பல்லின் (இங்கும் இனியும் பல் என்பது ஒரு முழுப் பின்பற்சக்கரம்) இடைவெளிக்கு மட்டும் நகர்த்த வேண்டும். எட்டு வேகப் பற்களின் இடைவெளியும் ஒன்பது வேகத்தின் இடைவெளியும் வேறு. ஆகவே ஒன்பது வேக ஷிப்டரை எட்டு வேகக் கசற்றோடு சேர்த்தால், ஓரிரு பற்களில் மட்டும் சரியாக விழும், மற்றவற்றில் தடுமாறும். எந்தத் திருகாணியாலும் அதைத் திருத்த முடியாது. டிரெய்லியரைப் பொறுத்தவரை கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஷிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது வேகப் பின்டிரெய்லியர்கள் கேபிள் இழுப்பில் ஒத்தவை என்பதால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். மவுண்டன் பைக்குக்கான பத்து வேகத்தையும் அதற்கு மேற்பட்டவற்றையும் இவற்றோடு கலக்க வேண்டாம். எட்டு வேகத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணமும் இந்தத் தாராளம்தான். தவிர, அதன் செயின் தடிப்பானது, மலிவானது, எளிதில் கிடைப்பது.

பின்ஹப்பில் இரண்டு வகை உண்டு. பற்தொகுதி முழுவதையும் புரியால் ஹப்பில் திருகும் பிறீவீல் ஒன்று. ஹப்போடு சேர்ந்த உருளையின் மேல் பற்களைச் சொருகி மூடும் கசற் மற்றது. பிறீவீலில் வலப்பக்க பேரிங் உட்புறமாக அமைவதால் அச்சின் வலமுனை தாங்கலின்றி நீண்டு நிற்கும், பற்கள் கூடக்கூட அச்சு வளையவும் முறியவும் வாய்ப்பு அதிகம். எட்டு வேகத்துக்குக் கசற் ஹப்பே வேண்டும். டிரெய்லியர் வாங்கும்போது, அது தாங்கக்கூடிய ஆகப் பெரிய பல் 32 அல்லது அதற்கு மேல் என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

சக்கரத்துக்குக் கம்பி கோத்து நெளிவு எடுப்பதைக் கற்றுக்கொள்வது மகிழ்ச்சியான காரியந்தான், ஆனால் முதல் வண்டியில் வேண்டாம். கட்டிய சக்கரத்தை வாங்குங்கள், அல்லது றிம்மையும் ஹப்பையும் கொடுத்து, கை தேர்ந்த ஒருவரிடம் கட்டுவியுங்கள். றிம்மிலும் ஹப்பிலும் துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக, 32க்கு 32, 36க்கு 36 என்று இருக்க வேண்டும்.

பிரேக்கில் ஒரு பொறி இருக்கிறது. றிம்மின் இருபுறமும் நீண்ட கைகள் நிற்கும் வீ-பிரேக்குக்கு அதிகக் கேபிளை இழுக்கும் லீவர் வேண்டும். சக்கரத்துக்கு மேலே ஒற்றைப் போல்ற்றில் பொருந்தும் பழைய கலிப்பர் வகைக்குக் குறைவாக இழுப்பது வேண்டும். மாற்றிப் போட்டால், லீவர் ஹாண்டிலைத் தொடும்வரை இழுத்தும் வண்டி நிற்காது, அல்லது லீவர் கல்லாக இறுகியிருக்கும். லீவரையும் பிரேக்கையும் ஒரே வகையில் வாங்கிவிடுங்கள்.

கோத்தல்

முதலில் பிரேமின் உட்புறத்துக்கு எண்ணெய். கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் வசிப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்தால் போதும். உருக்குப் பிரேமின் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெயை விட்டு, எல்லாப் பக்கமும் திருப்பி வழியவிட்டு, ஒரு நாள் தொங்கவிடுங்கள். அதன்பின் உள்ளே போகும் ஒவ்வொரு புரிக்கும் கிறீஸ். அலுமினியச் சீற் தண்டை உருக்குக் குழாய்க்குள் கிறீஸ் இல்லாமல் இறக்கினால், இரு உலோகங்களும் உப்பு ஈரத்தில் அரித்து ஒட்டிப்போய், சில வருடங்களில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கீழ்க்கூட்டில் வலப்பக்கக் கப்புக்கு எதிர்ப்புரி; அதை இடஞ்சுழியாகத் திருகி இறுக்க வேண்டும். இடப்பக்கப் பெடலுக்கும் அவ்வாறே. கையால் மூன்று நான்கு சுற்று இலகுவாகப் போகாத எதையும் ஸ்பனரால் தள்ளாதீர்கள். பிறகு ஹாண்டில் பேரிங்குகள், போர்க், ஹாண்டில். ஸ்டெம் (ஹாண்டிலைப் போர்க்கோடு இணைக்கும் பாகம்) போர்க்கின் தண்டை வெளியிலிருந்து கவ்வும் புதிய வகையானால், மேல்மூடியின் போல்ற்றை ஆட்டம் நீங்கும்வரை மட்டும் இறுக்கி, அதன் பிறகே ஸ்டெம்மின் பக்கப் போல்ற்றுகளை 5 நியூற்றன் மீற்றர் அளவில் இறுக்கவும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று கைக்குத் தெரியும்.

கிராங்கை, அதாவது பெடல் கையை, பொருத்தியபின் செயின் கோட்டைப் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்கினால், முன் பற்சக்கரம், பின்கசற்றின் நான்காம், ஐந்தாம் பற்களுக்கு நடுவே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மிகவும் வெளியே நின்றால் நீளம் குறைந்த அச்சுத்தொகுதி வேண்டும். உள்ளே நின்றால் நீளமானது. முன்னால் ஒற்றைப் பற்சக்கரம் வைக்கும்போது, செயின் கழன்று விழாமலிருக்க, ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் பல் அமைந்த சக்கரத்தை வாங்குவது நல்லது.

செயினின் நீளத்துக்கு எளிய வழி உண்டு. டிரெய்லியருக்குள் விடாமல், முன் பற்சக்கரத்தையும் பின்னால் ஆகப் பெரிய பல்லையும் நேராகச் சுற்றிப் பிடித்து, இணையக்கூடிய ஆகக் குறைந்த இடத்தைக் கண்டு, அதற்கு மேல் இரண்டு கண்ணிகள், அதாவது ஓர் அங்குலம், கூட்டி வெட்டுங்கள். பிறகு டிரெய்லியரின் இரு சிறு சக்கரங்களுக்கிடையே விடும்போது, அங்குள்ள சிறிய தகட்டு நாக்கின் சரியான பக்கத்தால் செயின் போகிறதா என்று பாருங்கள். தவறான பக்கத்தால் போனாலும் வண்டி ஓடும். ஆனால் மிதிக்கும்போதெல்லாம் உலோகம் உரசும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேபிள் உறைகளில் கலப்படம் கூடாது. கியர் உறையின் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் உறையில் சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கும் அதே தருணத்தில் அது பக்கவாட்டில் வெடித்துத் திறந்துகொள்ளும். உறையை வெட்டியபின் முனையைச் சமமாக அராவி, நசுங்கிய உள்துளையை ஊசியால் திறந்து, முனைக்கு மூடி போடுங்கள். கியர் தயங்குவதற்கு, பாகங்கள் சரியாக இருக்கும்போது, அடுத்த காரணம் பெரும்பாலும் இந்த நசுங்கிய முனைதான். துருப்பிடிக்காத உருக்குக் கேபிளுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, தென்மேல் பருவக்காற்று மழையின் முதல் மாதத்திலேயே திரும்பி வந்துவிடும்.

கியரை விழுத்தல்

வண்டியைப் பின்சக்கரம் சுழலும்படி தொங்கவிடுங்கள். டிரெய்லியரின் காது வளைந்திருக்கவில்லை என்பதை முதலில் பாருங்கள்: பின்னாலிருந்து நோக்கினால் டிரெய்லியரின் இரு சிறு சக்கரங்களும் பற்களுக்கு இணையாக, நேர்செங்குத்தாகத் தொங்க வேண்டும். காது கோணியிருக்க மற்றதைச் சரிசெய்வது வீண்வேலை.

கேபிளை இணைக்காமலே எல்லைத் திருகாணிகளைத் தொடங்க வேண்டும். எச் என்று பொறித்த திருகாணியைத் திருகி, மேல் சிறுசக்கரம் ஆகச் சிறிய பல்லுக்கு நேர்கீழே நிற்கச் செய்யுங்கள். பிறகு பெடலைச் சுழற்றிக்கொண்டே, டிரெய்லியரைக் கையால் உள்ளே தள்ளி ஆகப் பெரிய பல்லுக்குக் கொண்டுபோய், எல் திருகாணியால் அதற்கு அப்பால் ஒரு மயிரிழையும் போகாதபடி தடுத்துவிடுங்கள். இந்த எல்லையில் அசட்டை கூடாது. அதைத் தாண்டினால் செயின் பல்லுக்கும் கம்பிக்கும் இடையில் விழும், டிரெய்லியர் கம்பிகளில் சிக்கும், ஓடும் வண்டியின் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அடுத்து ஷிப்டரை ஆகச் சிறிய பல்லுக்குரிய நிலையில் வைத்து, கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். ஒரு சொடுக்கு. செயின் இரண்டாம் பல்லுக்கு ஏறத் தயங்கினால், கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகியை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருகிக் கேபிளை இறுக்குங்கள். தாவி மூன்றாவதைத் தொட்டால் எதிர்ப்புறமாகக் கால் சுற்று. இரண்டாம் பல்லில் சத்தமின்றி ஓடத் தொடங்கியதும், ஒவ்வொன்றாக மேலே போய் மீண்டும் கீழே வாருங்கள். மேலே ஏறுவது சுத்தமாகவும் கீழே இறங்குவது தாமதமாகவும் இருந்தால், இறுக்கத்தில் குறையில்லை. உறைக்குள் எங்கோ உராய்வு இருக்கிறது, மேலே சொன்ன நசுங்கிய முனையைத் தேடுங்கள். கடைசியாகப் பி திருகாணி: செயின் ஆகப் பெரிய பல்லில் இருக்கும்போது, அந்தப் பல்லுக்கும் மேல் சிறுசக்கரத்துக்கும் இடையே 5, 6 மில்லிமீற்றர் இருக்கும்படி வையுங்கள்.

தொங்கும் வண்டியில் சரியாக விழும் கியர், ஆள் ஏறி மிதிக்கும்போது சற்று மாறலாம். வாகன நெரிசலில்லாத ஒழுங்கை ஒன்றில் முதலில் பிரேக் இரண்டையும் சோதித்து, பின் ஒவ்வொரு பல்லிலும் அழுத்தி மிதித்துப் பாருங்கள். சீற் உயரத்துக்குத் தொடக்கப் புள்ளியாக, கால் இடுக்கிலிருந்து நிலம்வரையுள்ள நீளத்தை 0.883ஆல் பெருக்கி, கீழ்க்கூட்டின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்புவரை அந்த அளவை வையுங்கள். 80 சென்ரிமீற்றர் காலுக்கு 70.6 வரும். சீற் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோடு குழாய்க்கு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் பிரேம் உங்களுக்குச் சிறியது.

புதுக் கேபிளின் உறை முதல் சில நாள்களில் அமுங்கி அமரும் என்பதால், கியர் மறுபடி தயங்கத் தொடங்கும். உருளைத் திருகியை இடஞ்சுழியாகக் கால் சுற்று, அவ்வளவே. எல்லைத் திருகாணிகளைத் தொட வேண்டாம். அதே சமயம் கிராங்கின் போல்ற்றுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். மழையில் ஓடிவந்த நாளில் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேல்மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்கவும். மாதமொருமுறை உருக்கு அடிமட்டம் ஒன்றைச் செயினில் வைத்து அளந்து பாருங்கள்: புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்குவரை விட்டுவைத்தால் கசற்றையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும்.